தொண்ணூறு நாள் கணக்கு: செக்டர் ஃபைவில் வேலை, ஊரில் கல்விக் கடன்

தவணை தவறியதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், வங்கியிலிருந்து வரும் போனை எடுக்காமல் விடுவது. கொல்கத்தாவின் சால்ட் லேக்குக்கு வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் சுலபம். கடன் கொடுத்த கிளை தருமபுரியிலோ சங்கரன்கோவிலிலோ இருக்கிறது. பிள்ளைக்கு வேலை சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில், தங்கியிருப்பது கேஷ்டப்பூர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரண்டு பேரோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் அறையில். மேலாளர் ஹவுரா மெயில் ஏறிக் கொல்கத்தாவுக்கு வரப்போவதில்லை.

அவர் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போவார். கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கிறது. அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அல்ல, இணைக் கடனாளி. சட்டப்படி கடன் அவருடையதும்தான். நோட்டீஸ் அவர் முகவரிக்குத்தான் போகும். "தம்பி, பேங்க்ல இருந்து ரெண்டு பேரு வந்துட்டுப் போனாங்கப்பா, தெருவே பார்த்துச்சு" என்று அம்மா போனில் சொல்லும்போது, பேசித் தீர்த்திருக்கக்கூடிய கட்டம் பல வீடுகளில் தாண்டிப் போயிருக்கும்.

பொதுத்துறை வங்கியில், சொத்து அடமானம் இல்லாமல், ஏழரை லட்சம் ரூபாய்க்குள் கடன் வாங்கிய குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக இந்த அத்தியாயம். வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கியவர்களின் பாடு வேறு. அவர்களுக்கு அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றம் போகாமலேயே சொத்தைக் கையகப்படுத்த வங்கிக்கு 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு வழக்கறிஞரைப் பார்ப்பதே சரி.

கடன் எப்படி ஏறியது

"நாலு லட்சம்தானே வாங்கினோம், அஞ்சு நாற்பதுன்னு காட்டுதே?" என்று கேட்காத வீடு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு, வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி உண்டு, தனிவட்டியாக. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, பிறகு 30,000, 20,000. ஆக மொத்தம் 1,40,000. தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகிறது. வட்டிக்கு வட்டி அந்த நாளிலிருந்துதான் ஆரம்பம்.

இந்தத் தொகையைப் பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 7,136 ரூபாய். பதினைந்து ஆண்டானால் 5,803. மாதம் 1,333 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். முடிவில் 1,88,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? மூச்சு முட்டுகிறவர்கள் பதினைந்தையே கேட்டு வாங்கட்டும். கல்விக் கடனை முன்கூட்டி அடைத்தால் பொதுத்துறை வங்கிகளில் அபராதம் இல்லை. சம்பளம் ஏறிய பிறகு கூடுதலாகக் கட்டிக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். பத்து ஆண்டு என்று வீராப்பாகக் கையெழுத்துப் போட்டு நான்காம் மாதமே தவறினால் அதைச் சரிசெய்வது கடினம்.

கையில் 22,000 ரூபாய் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். பிடித்தமும், மேற்கு வங்கத் தொழில் வரியாக மாதம் 130 அல்லது 150 ரூபாயும் போன பிறகு மிஞ்சுவது இது. அறைப் பங்கும் கரண்டும் 5,000, சாப்பாடு 6,000, ஆட்டோவும் மெட்ரோவும் 1,000, போன் 400, வீட்டுக்கு 4,000. மீதி 5,600. பதினைந்து ஆண்டுத் தவணைக்கே 203 ரூபாய் குறைகிறது. செக்டர் ஃபைவின் காலேஜ் மோர் சந்திப்பில் மீன் சோற்றுக்குப் பதில் முட்டைச் சோறு சாப்பிட்டு இந்த 203-ஐ ஈடுகட்டலாம். பத்து ஆண்டுத் தவணையில் துண்டு விழும் 1,536-ஐ அப்படி ஈடுகட்ட முடியாது. இது சிக்கனத்தின் பிரச்சினை அல்ல. 'கொஞ்சம் கட்டுப்பாடா இருந்தா கட்டிடலாம்' என்று அறிவுரை சொல்லும் மாமாக்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மானியம் வந்ததா?

ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு மிகாத குடும்பத்துப் பிள்ளைகளுக்காக மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது. தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. மேலே சொன்ன 1,40,000 ரூபாய் வட்டியை, அதாவது படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்குமான வட்டியை, அரசு கட்ட வேண்டும். பிள்ளை கட்டத் தொடங்குவது நான்கு லட்சத்திலிருந்துதான். தவணை பதினைந்து ஆண்டுக்கு 4,298 ரூபாய். நம் கணக்கில் துண்டு விழுந்த 203 காணாமல் போய், 1,300 ரூபாய் கையில் நிற்கும்.

இந்தப் பணம் தானாக வராது. தாசில்தாரிடம் வாங்கிய வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்திருக்க வேண்டும். கிளை அதைக் குறித்த காலத்துக்குள் கனரா வங்கி நடத்தும் தளத்தில் ஏற்றியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மானியம் இல்லை. 2018-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குக் கல்லூரியோ படிப்போ தர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. பாதியில் படிப்பை விட்டவர்களுக்கு, மருத்துவக் காரணம் தவிர, கிடைக்காது.

ஆகவே முதல் வேலை, கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்டை முதல் நாளிலிருந்து வாங்குவது. பாஸ்புக்கின் கடைசிப் பக்கம் போதாது. அதை மேசையில் விரித்து வைத்துப் பென்சிலால் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது 'மானியம்' என்ற பெயரில் வரவு இருக்கிறதா? படிப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்களா? போடக்கூடாது. தாமதத்துக்கு 'அபராத வட்டி' என்று பிடித்திருக்கிறார்களா? 2024 முதல் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்துவிட்டது. அபராதக் கட்டணம் மட்டுமே வசூலிக்கலாம், அதையும் அசலில் சேர்த்து வட்டி போடக்கூடாது. தவறு கண்டால் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பின்னால் வரும் கடிதத்தோடு இணையுங்கள்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தையும் பார்க்கட்டும். தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும் அது. எட்டு லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, பத்து லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை.

தொண்ணூறு நாள்

தவணை தவறிய நாளிலிருந்து வங்கிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. முதல் முப்பது நாள், அடுத்த முப்பது, அதற்கடுத்த முப்பது என்று கணக்கு மூன்று படிகளில் 'சிறப்புக் கவனிப்பு'ப் பட்டியலில் இறங்கிக்கொண்டே போகும். தொண்ணூறு நாள் தாண்டினால் வராக்கடன். அதுவரை உங்கள் பேச்சைக் கேட்கவும் தவணையை மாற்றவும் கிளை மேலாளருக்கே ஓரளவு இடம் உண்டு; அவருக்கும் தன் கிளையில் வராக்கடன் கூடக்கூடாது என்ற அக்கறை இருக்கிறது. அதன் பிறகு கோப்பு வசூல் பிரிவுக்குப் போகிறது. அங்கே பேசுகிறவருக்கு உங்களைத் தெரியாது.

வராக்கடன் முத்திரை உங்கள் பெயரிலும் அப்பாவின் பெயரிலும் சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களிலும் பதியும். தங்கையின் படிப்புக்கு அப்பா கையெழுத்துப் போடப் போகும்போது அது குறுக்கே நிற்கும். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கூடுதல் சிக்கல்: கடன் வரலாறு மோசம் என்று ஒருவரின் பணி நியமனத்தைப் பொதுத்துறை வங்கி ரத்து செய்தது சரியே என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணக்கில் பணமில்லாமல் தானியங்கிப் பிடித்தம் திரும்பிக்கொண்டே இருந்தால் இரண்டு வங்கியும் கட்டணம் பிடிக்கும். அதோடு, மின்னணுப் பணப் பரிமாற்றம் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, செக் திரும்புவதைப் போலவே வழக்குப் போடவும் இடமுண்டு. வேலை போய்விட்டதென்றால் பிடித்தத் தேதிக்கு முன்பே வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

கடிதம்

போனில் எத்தனை முறை பேசினாலும் பதிவு இல்லை. எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். ஸ்பீடு போஸ்டில் கிளைக்கு ஒன்று, ஈமெயிலில் மண்டல அலுவலகத்துக்கு ஒரு நகல். 'கருணை கூர்ந்து' என்று மூன்று பத்தி எழுதுகிறவர்கள் உண்டு. மேலாளருக்கு வேண்டியது எண்கள்தான். அவர் அவற்றைத்தான் மேலே அனுப்ப முடியும். மாதிரி இது:

"ஐயா, மேற்கண்ட கணக்கில் பொறியியல் படிப்புக்காக நான்கு லட்சம் ரூபாய் கடன் பெற்றுள்ளேன். தற்போது கொல்கத்தா சால்ட் லேக்கில் பணிபுரிகிறேன். கையில் கிடைக்கும் மாதச் சம்பளம் 22,000 ரூபாய். என் தந்தை விசைத்தறிக் கூலி. வீட்டுக்கு வேறு நிலையான வருமானம் இல்லை. மாதத் தவணை 7,136 ரூபாயை முழுதாகக் கட்ட இயலவில்லை. இம்மாதம் 3,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். திருப்பிச் செலுத்தும் காலத்தைப் பதினைந்து ஆண்டாக நீட்டித்துத் தரவும், மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வேலையில்லாத, வருமானம் குறைந்த காலத்துக்குச் சொல்லப்பட்டுள்ள தவணை ஒத்திவைப்பை எனக்கு ஆறு மாதம் வழங்கவும், தவணைத் தேதியை 5-இலிருந்து 10-க்கு மாற்றவும் வேண்டுகிறேன். என் கணக்குக்கு வட்டி மானியம் கோரப்பட்டதா, எந்தெந்த ஆண்டுக்கு வந்தது என்ற விவரமும் தேவை. முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, தந்தையின் வருமானச் சான்றிதழ், ஸ்டேட்மென்ட் நகல்."

இதில் இரண்டாவது கோரிக்கைதான் முக்கியம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்திலேயே, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று முறை இப்படி ஒத்திவைக்கலாம் என்று இருக்கிறது. சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறுவதுபோல் அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு. வங்கிகள் தாமாக முன்வந்து இதைச் சொல்வதில்லை. கேட்டாலும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு இல்லை; ஆனால் திட்டத்தின் பெயர் சொல்லிக் கேட்கிறவரை 'அப்படி ஒண்ணும் இல்லை' என்று அனுப்பிவிடுவது கொஞ்சம் கடினம்.

கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் மூன்றாண்டுக் காலவரம்பு புதிதாகத் தொடங்கிவிடும், எழுதவே கூடாது என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். சட்டப்படி அது உண்மை. ஆனால் கட்டும் எண்ணமிருந்து, கணக்கு இன்னும் உயிரோடு இருக்கும்போது, இந்த யோசனையால் உங்களுக்கு ஆதாயமில்லை. பல ஆண்டாக யாரும் தொடாமல் கிடந்த பழைய கடன் என்றால் மட்டும், எழுதுவதற்கு முன் வக்கீலைக் கேளுங்கள்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்

கல்விக் கடன் 10 சதவீதம். தெருமுனை அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24. மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி தரும் மகளிர் குழுக் கடனும் ஏறத்தாழ அந்த அளவுக்கே வந்து நிற்கும். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வாங்கும் பத்து வட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிள்ளையின் தவணை தவறக்கூடாது என்று அம்மா குழுவில் கடன் எடுப்பதும், அதற்கு வாராவாரம் கட்ட மூக்குத்தியை வைப்பதும் நம் ஊரில் சாதாரணம். இருப்பதிலேயே மலிவான கடனை அடைக்க விலை கூடிய கடனை வாங்குகிற ஏற்பாடு இது. கல்விக் கடனைக் கொஞ்சம் காத்திருக்க விடலாம். மீட்டர் வட்டி காத்திருக்காது. கையில் பணம் குறைவென்றால் முதலில் அடைக்க வேண்டியது வட்டி அதிகமுள்ளதுதான். மானம் இதற்கு நேர்மாறாகச் சொல்லும், வங்கி நோட்டீஸ்தான் பெரிய அவமானம் என்று.

ஐந்து நிமிடத்தில் பணம் தரும் போன் செயலிகள் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, படத்தை மாற்றி அனுப்புவேன் என்று எவனாவது மிரட்டினால் சைபர் குற்ற எண் 1930.

ஆள் வந்தால்

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக்கூடாது. மிரட்டவும், ஊரார் முன் அவமானப்படுத்தவும், உறவினரையும் நண்பர்களையும் தொல்லை செய்யவும் கூடாது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதை மீண்டும் அழுத்தமாகச் சொன்னது. அப்பாவுக்கு ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுங்கள்: வந்தவரிடம் அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேட்க வேண்டும்; கையில் பணம் கொடுக்கக்கூடாது. கட்டுவது எதுவானாலும் கடன் கணக்கில் மட்டும். முகவர் இந்த விதிகளை மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம். கட்டணம் இல்லை, உதவி எண் 14448.

வங்கி உங்கள் கடனைச் சொத்து சீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடவும் கூடும். தமிழ்நாட்டுக் கல்விக் கடன்கள் மொத்தமாக இப்படிக் கைமாறியபோது வசூல் கடுமையானது. 2016 ஜூலையில் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை விட்டார். வசூல் நெருக்கடிதான் காரணம் என்றது குடும்பம். உங்கள் கடன் கைமாறியதாக யாராவது சொன்னால், வங்கி எழுதிக்கொடுத்த உரிமை மாற்றக் கடிதத்தைக் கேளுங்கள். அது இல்லாமல் பேச்சு இல்லை. மொத்தக் கடனையும் தள்ளுபடி விலையில் வாங்கிய நிறுவனம், வங்கியைவிடக் கூடுதலாகத் தள்ளித்தர இடமுண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

இரவில் தூக்கம் வராமல், இனி எதற்கு என்று தோன்ற ஆரம்பித்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ், இலவசம். கொல்கத்தாவிலிருந்து கூப்பிட்டாலும் தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

கோர்ட்

முன்னே சொன்ன, பிடித்தம் திரும்புவதற்கான வழக்கைத் தவிர, கடன் கட்ட முடியாதது குற்றம் அல்ல, சிவில் விவகாரம். கையில் பணமிருந்தும் ஏமாற்றுகிறவரைத் தவிர, வெறும் இயலாமைக்காக ஒருவரைக் கடன் தீர்ப்பின் பேரில் சிறையில் அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே, கொச்சி வங்கி வழக்கில், சொல்லியிருக்கிறது. 'போலீஸ் வரும்' என்று போனில் மிரட்டுகிறவருக்கு இது தெரியும். வழக்கில் வங்கி ஜெயித்துச் சம்பளத்தைப் பிடித்தாலும், முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. பி.எஃப். பணத்தையும் தொட முடியாது.

வழக்கு வரை போவதற்கு முன் லோக் அதாலத் வரும். அந்த நோட்டீஸைக் கண்டு பயப்பட வேண்டாம். பல வீடுகளுக்கு வரும் நல்ல வாய்ப்பே அதுதான். வங்கிக்காரர் அன்று எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்ற நினைப்போடுதான் வந்து உட்காருவார். ஆனால் அங்கே எழுதும் சமரசத்துக்கு அப்பீல் கிடையாது. ஆகவே, கட்ட முடிகிற தொகையை வீட்டிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய் உற்சாகத்தில் தலையாட்டாதீர்கள். கொல்கத்தாவில் இருந்து வர முடியவில்லை என்றால் அப்பாவை அனுப்பலாம், அந்தத் தாளோடு. இலவச வக்கீலுக்கு 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லை.

ஒரே தடவையில் குறைந்த தொகைக்கு முடித்துக்கொண்டால், கடன் அறிக்கையில் 'அடைக்கப்பட்டது' என்றில்லாமல் 'சமரசத்தில் முடிந்தது' என்று பதியும். அடுத்த சில ஆண்டுகளுக்குக் கடன் கிடைப்பது சிரமம். வேறு வழியில்லாதபோது எடுக்கும் முடிவு அது. எடுத்தால், பணம் கட்டுவதற்கு முன்பே தொகையும் கடைசித் தேதியும் எழுதிய கடிதம் கையில் இருக்கட்டும்.

தம்பி தங்கைக்கு

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், இங்கேயே பத்து ஆண்டுக்கு மேல் தங்கிவிட்டவர்களுக்கும் இன்னொரு வாசல் இருக்கிறது. 2021 ஜூன் 30-இல் மேற்கு வங்க அரசு தொடங்கிய மாணவர் கடன் அட்டைத் திட்டத்தில், பத்து ஆண்டு இந்த மாநிலத்தில் வசிப்பவர்கள் நாற்பது வயது வரை, 10 லட்சம் ரூபாய் வரை, 4 சதவீதத் தனிவட்டியில் கடன் பெறலாம். திருப்பிக் கட்டப் பதினைந்து ஆண்டு. அரசே உத்தரவாதம். நம் பழைய கணக்கில் 1,40,000 ஆன வட்டி இந்த விகிதத்தில் 56,000தான். வங்கிகள் இழுத்தடிப்பதாகத் தொடக்கத்திலிருந்தே புகார் உண்டு. விண்ணப்பம் நின்றுபோனால் விசாரிக்க வேண்டிய உயர்கல்வித் துறை சால்ட் லேக்கிலேயே பிகாஷ் பவனில் இருக்கிறது. போகும் முன் அன்றைய விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் ஏற்கெனவே ஓடும் கடனை இதை வைத்து அடைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், இது படிப்புச் செலவுக்கானது.

இனி உங்கள் கடனுக்கே திரும்புவோம். கடைசித் தவணை கட்டிய வாரத்திலேயே நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கிளையில் எழுதி வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையையும் அப்பாவின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒன்று இலவசமாகத் தர வேண்டும். கணக்கு இன்னும் பாக்கி என்று காட்டினால் புகார் கொடுங்கள். முப்பது நாளில் திருத்தவில்லையென்றால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.